நான் தேய்த்திருக்கக் கூடாத சட்டை

சார்,

போன வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டம்மா ஒரு மூட்டை துணி அனுப்பினார்கள். முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கப் போகிறார்களாம், தேய்த்து வைக்கச் சொன்னார்கள். முடிச்சை அவிழ்த்ததும் நீலகிரித் தைலமும் பென்சில் சீவலும் சேர்ந்த வாசனை வந்தது. எல்லாம் உங்கள் சட்டைகள். அடியில் ஒன்று துவைக்காமலே கிடந்தது. இஸ்திரிப் பெட்டியில் கரி கனிந்து தயாராக இருந்தும் எனக்குக் கை ஓடவில்லை.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனாலும் இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடையாறில் உங்கள் வீட்டுக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்ட நாளிலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்துக்காக மரத்துக்கு மரம் வெள்ளைப் போர்வைகளைக் கட்டிவிட்டு மூன்று நாள் காற்றுக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். டீக்கடை மணி என்னிடம், “இன்னாக்கா, உன் லூசு டைரக்டரு காத்துக்குக் கால்ஷீட் வாங்கலியா?” என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். உங்கள் காதில் விழுந்திருக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் கடல் காற்று வந்தது. தெரு முழுக்க அலை எழும்பியது போல இருந்தது. மணி டீ ஆற்றுவதை மறந்து நின்றான். அப்போதும் நான் உங்களிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

பிறகுதான் நான் தேய்த்திருக்கக் கூடாத முதல் சட்டை வந்தது. படத்தில் செத்துப்போகிறவனுடைய சட்டை அது. அவன் உடம்பின் மடிப்பு விழ வேண்டும் என்று நீங்களே இருபது நாள் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தீர்கள், தரையில் உட்கார்ந்து, எடுக்கப்போகும் காட்சிகளைப் பென்சிலால் வரைந்தீர்கள். அது எனக்குத் தெரியாது. வேறு துணியோடு கலந்து என் வண்டிக்கு வந்துவிட்டது. நானும் தண்ணீர் தெளித்து, கத்தி மாதிரி தேய்த்து அனுப்பிவிட்டேன்.

ஓடி வந்தீர்கள். “அழிச்சிட்டியே பவானி!”

“இன்னா சார் இது? கசங்கல எடுக்கத்தான நான் கீறேன்? கசங்கின துணி என் வண்டிலேர்ந்து போனா தெருவே சிரிக்கும்.”

“அது கசங்கல் இல்லம்மா. அந்த ஆளு வாழ்ந்தது.”

மரத்தடிக் கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். அப்புறம் சிரித்தீர்கள். “பரவால்ல. இன்னும் இருபது நாள் வாழணும், அவ்ளோதான்.” மறுநாள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு என் முன்னாலேயே பஸ் ஏறினீர்கள்.

படம் முடிந்ததும் தி.நகரில் போட்டுக் காட்டியபோது என்னையும் காரில் கூட்டிப்போனீர்கள். புருஷனை இழந்தவள் அந்தச் சட்டையைத் தரையில் விரிக்கிறாள். பேச்சில்லை, பாட்டில்லை. திரை முழுக்கச் சட்டைதான். பக்கத்திலிருந்து வெயில் விழ, மடிப்புகள் மலை மலையாக நிற்கின்றன. ஒரு எறும்பு ஏறி இறங்குகிறது. அவள் விரல் மெதுவாக வந்து முழங்கை மடிப்புக்குள் இறங்குகிறது. எனக்கு முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக நான் பெட்டியை ஓட்டிய இடம் அது. அங்கே மலை இருந்ததை நான் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது காரில் சொன்னீர்கள்: “நான் போற அன்னிக்கு என் சட்டையத் தேய்க்காத பவானி. உழைச்ச மடிப்போட போறேன்.”

“வாயக் கழுவுங்க சார்” என்றேன்.

நீங்கள் போன அன்று காலையில் வாட்ச்மேன் உங்கள் நீலச் சட்டையைக் கொண்டு வந்தார். ஷூட்டிங்குக்கு எப்போதும் போடுவீர்களே, அது. “பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வராங்களாம். வெறைப்பா போட்டுக் குடுன்னு அம்மா சொன்னாங்க” என்றார். கையில் வாங்கினேன். இரண்டு முழங்கையிலும் மடிப்பு. சம்மணம் போட்டு உட்கார்ந்ததில் கீழ் விளிம்பெல்லாம் சுருக்கம். நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது சார். மறந்துபோய்ச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எதிர்வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்ல எத்தனை அடி நடக்க வேண்டும்? நடக்கவில்லை. கசங்கிய சட்டையோடு உங்களைக் கிடத்தினால், யார் தேய்த்தது என்று என்னைத்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். என் பேர்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. தண்ணீர் தெளித்தேன். தேய்த்தேன்.

ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்குள் பார்த்தேன். கடை பொம்மைக்கு மாட்டிய சட்டை போல இருந்தது. அதைப் போட்டவர் ஒரு நாளும் உட்காரவில்லை, எழுந்திருக்கவில்லை, கையை மடக்கி எதையும் வரையவில்லை என்பது போல. “துணி எவ்ளோ நீட்டா கீது பாரு” என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் வரிசையை விட்டு விலகி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மற்ற சட்டைகளையெல்லாம் தேய்த்தேன். துவைக்காத அந்த ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டு போனேன்.

“இத ஏன் விட்டுட்ட?” என்றார்கள் அம்மா.

சொன்னேன். நீங்கள் காரில் சொன்னது, நான் செய்தது, எல்லாம். அம்மா சட்டையை மடியில் விரித்து முழங்கை மடிப்பைத் தொட்டார்கள். பிறகு, “அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனேடி” என்றார்கள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் சார்.

அந்தச் சட்டை இப்போது உங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. நான் மரத்தடிக்குத் திரும்பிவிட்டேன். துணி வந்தால் முன்போலப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட முடிவதில்லை. விரித்துப் பார்க்கிறேன். இந்தத் தோள் குழந்தையைச் சாய்த்துக்கொண்ட தோள். இந்த முதுகு நாளெல்லாம் ஆட்டோவில் சாய்ந்த முதுகு. ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் தண்ணீர் தெளிக்கிறேன். மணி கேட்கிறான், “இன்னாக்கா, துணிகூட பேசிக்கினு கீற?”

இன்றைக்கும் தேய்த்துத்தான் சார் பிழைக்கிறேன். எதை அழிக்கிறேன் என்று தெரிந்தே தேய்க்கிறேன்.