எருமைக்கன்றின் வயிற்றுக்குள்

ஓசூர்
கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்

அன்பு மகள் நிர்மலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நார்வேக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று நேற்று விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டேன். இந்தத் தாள் உன் கைக்கு வந்துவிட்டது என்றால் பாப்பாவுக்கு நான் நூலில் பின்னி அனுப்பிய எருமைக்கன்றின் வயிற்றைப் பிரித்துவிட்டாய் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, கன்று வந்ததும் கொப்பூழ்க்கொடியை நீயே எடுத்துவிடு, வேறு யார் கையிலும் கொடுக்காதே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன், நீயும் அப்பாவும் சேர்ந்து சிரித்தீர்கள். சின்ன வயதில் நூல் முனையை வெளியே விட்டுப் பின்னியதற்கு உன் தலையில் எத்தனை குட்டு வைத்திருப்பேன். அந்த அம்மாவா ஒரு பொம்மையின் வயிற்றில் வெள்ளை நூலைத் தொங்கவிட்டு அனுப்புவாள் என்று உனக்குச் சந்தேகம் வரும், வந்தே தீரும் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது இது என்ன கூத்து என்று கேட்பாய். என் போன் இப்போது ஆர்டர் போன், அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் அவர்தான் எடுத்து வணக்கம் சொல்லி என்ன கலர் என்ன சைஸ் என்று கேட்கிறார், உன் பெரியம்மா கூப்பிட்டபோதுகூட அதைத்தான் கேட்டாராம், அவள் என்னிடம் சொல்லிச் சிரிக்கிறாள். நீ பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். சந்தேகமெல்லாம் கிடையாது, உன் குரல் கொஞ்சமும் வீணாகிவிடக் கூடாது என்ற ஆசைதான். வாட்ஸ்அப்பில் நீ எழுதுவதை அவர்தான் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். பார்சலையும் அவரே கட்டுகிறார், பருப்புப் பொடிப் பொட்டலத்தைக்கூடக் குலுக்கிப் பார்த்துத்தான் வைப்பார். அதனால்தான் இதைப் பஞ்சுக்கு நடுவில் சுருட்டி வைத்துத் தைக்கப்போகிறேன். அடையாளத்துக்கு முன்கூட்டியே தொங்கவிட்ட அந்த வெள்ளை நூல் அதற்குள் அவர் கண்ணில் பட்டுவிட்டது, கத்தரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அய்யோ, அது இப்போதுதான் பிறந்த கன்று, கொடி தொங்கத்தான் செய்யும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, சரிட்டி, ஆனா வலது கொம்பு நாலு மில்லி கூடிருக்கு பாத்துக்கோ என்று சொல்லிக் கத்தரியைக் கீழே வைத்தார். அவ்வளவு நல்ல மனுஷனை ஏமாற்றினேனே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும், கம்பெனியில் அப்பா வேலை பார்த்த லைனையே வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவர் டிவியைப் போடாமலே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் அப்படியே இருப்பார். நீ லீவில் வந்திருந்தபோது சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாவம்மா அப்பா, உன் வேலையில ஏதாவது ஒரு பொறுப்ப அவர்கிட்ட குடும்மா என்று அழுதாய். கொடுத்தேன். தளிப் பக்கம் ராகிக் கொல்லையில் யானைக் கூட்டம் இறங்கிய வருஷம் நான் விளையாட்டாகப் பின்னிய அந்தக் குட்டி யானையை நீதான் படம் எடுத்துப் போட்டாய், அதற்கு ஆர்டர் குவிந்தது, அப்பா கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தார். இன்றைக்கு அவர் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட பழைய கம்பெனிச் சட்டையை மாட்டி, ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டு படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு டியூட்டிக்கு வருகிறார். சுவரில் ஒரு பலகை மாட்டி அன்றன்றைய டார்கெட்டை எழுதுகிறார். முகத்தில் களை வந்துவிட்டது, சர்க்கரைகூடக் குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார். இதையெல்லாம் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும், அந்தச் சந்தோஷத்துக்குள்தான் நான் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

என்னிடம் பின்னல் படிக்க வந்த பெண்களை அவர் பிரித்துவிட்டார். ஒருத்தி காது மட்டும், ஒருத்தி கால் மட்டும், ஒருத்தி தும்பிக்கை மட்டும். எல்லாம் சேர்ந்து என் மேஜைக்கு வரும், நான் பஞ்சு அடைத்து, பாகங்களைச் சேர்த்துத் தைத்து, கண் வைத்து அவரிடம் தள்ள வேண்டும், அவர் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து பாஸ் போடுவார் அல்லது ரிஜெக்ட் என்பார். ஒவ்வொருத்தி கைக்கும் ஒரு இறுக்கம் உண்டு, அதே நூல் அதே ஊசி அதே கண்ணி என்றாலும் ஒருத்தி காது விரியும் இன்னொருத்தி காது சுருங்கும், ஒரு பொம்மை ஒரே கையிலிருந்து வந்தால்தான் அதன் உடம்பு ஒன்றோடொன்று சேரும் என்று சொல்லிப் பார்த்தேன். அதுக்குத்தான் டிரெயினிங் குடுன்னு சொல்றேன் என்கிறார். முப்பது வருஷம் இரும்பை அளந்த கண், அதைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. மத்தூர்க்காரி ரஞ்சிதா என்று ஒரு பெண், புருஷன் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, என்னிடம் வந்த நாளிலிருந்து காது மட்டுமே போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளை, நீ என்னம்மா பண்ற என்று கேட்டதற்கு, காது பண்றேன்டா என்றாளாம், எதோட காது என்று கேட்டானாம். அந்த ரோஷத்தில் வீட்டில் உட்கார்ந்து ஒரு முழு யானையைத் தானே பின்னிக் கொண்டுவந்தாள். ஒரு கால் வீங்கினாற்போல இருந்தது, தும்பிக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, ஆனால் அது அழகு, நிர்மலா, அதற்கு ஒரு முகம் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா வாங்கி அளந்து ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டார். அவள், இது கம்பெனிக்கு இல்ல சார், எம் பையனுக்குச் செஞ்சது, அக்காகிட்ட காட்டத்தான் எடுத்தாந்தேன் என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு போனவள்தான், இதுவரை வரவில்லை. நான் எழுந்து வாசல் வரைக்குமாவது போயிருக்கலாம். மடியில் நாலு யானை தலை இல்லாமல் கிடந்தது, எழுந்திருக்கவில்லை.

என் கையில் புதிதாக ஒன்றும் பிறக்காமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மனசில் ஏதாவது தோன்றிக் கையில் எடுத்தால், ஓடுற பீஸ் ஓடிட்டிருக்கு, இப்ப எதுக்கு அது என்கிறார். வெளிச்சம் நன்றாக இருக்கட்டும் என்று என் நாற்காலியை மூலைக்கு நகர்த்தித் தலைக்கு மேலே இரண்டு டியூப்லைட் போட்டிருக்கிறார், ஜன்னல் எனக்கு முதுகுப் பக்கம் போய்விட்டது. வெளியே தூறல் போடுவதுகூடக் கொடியில் இருக்கும் துணிக்காக யாராவது கத்தினால்தான் தெரிகிறது. போன மாதம் நானே அடியிலிருந்து முடி வரைக்கும் பின்னிய யானை ஒன்றை அப்பா ரிஜெக்ட் செய்தார். உன் பீஸே சைஸ் குறையுதே, ஊசி மாறிட்டா என்று கேட்டார். ஊசி மாறவில்லை, என் கை இறுகிப்போய்விட்டது. எனக்கு மூச்சு முட்டுகிறது, நிர்மலா. இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

போன வாரம் தளியிலிருந்து சரசம்மா என்று ஒரு அம்மா வந்திருந்தாள். அங்கே பூப்பண்ணையில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து ஒரு குழு நடத்துகிறாள், மத்தியானத்துக்கு மேல் அவர்களுக்குக் கைவேலை கற்றுத்தர என்னை வாரத்தில் மூன்று நாள் வரச் சொல்லிக் கேட்டு வந்தாள். தை பிறந்ததும் வகுப்பு தொடங்குகிறார்கள். அப்பா ஹாலில் உட்காரவைத்துக் காபி கொடுத்து, மேடத்துக்கு நேரமே இல்லம்மா, சித்திரை வரைக்கும் புக் ஆயிட்டு என்று சொன்னார். என்னை அவர் மேடம் என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அவ்வளவு பெருமையாகச் சொன்னார், உள்ளே யானைக் கண்ணை ஊசியில் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது, கோபத்தில் வந்ததா வேறெதிலா என்று தெரியவில்லை. அந்த அம்மா போகிறபோது ஜன்னல் பக்கம் வந்து நின்று, நீவு பர்தீரோ இல்வோ அஷ்டு ஹேளி அக்கா என்று கன்னடத்தில் கேட்டாள், வருவீர்களா மாட்டீர்களா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று. நான் திரும்பி, அதான் அவரு சொல்லிட்டாரே என்றேன். அவரு சொன்னாரு, நீங்க இன்னும் சொல்லலையே அக்கா, மார்கழி முடியட்டும், காத்திருக்கோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகு என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையே என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று மாலையே இந்தக் கன்றை ஆரம்பித்தேன். பேத்திக்கு என்று சொன்னதால் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தளிச் சந்தைக்கு வரும் எருமைகளின் கன்றுகளை நினைத்து, எந்த அளவும் பார்க்காமல் கை போனபடி விட்டேன். நினைத்ததைவிடப் பெரிதாக வந்திருக்கிறது, பார்த்தாயா? என் கை அந்த நாலு நாளும் தளர்ந்திருந்தது, அதனால்தான்.

அப்பாவிடம் நீ எதுவும் பேச வேண்டாம். நீ சொன்னால் உடனே கேட்டுக்கொள்வார், போய்ட்டு வா என்று பஸ் நிறுத்தம் வரைக்கும்கூட வருவார், ஆனால் அது நீ வாங்கிக் கொடுத்ததாகத்தான் இருக்கும். நானே சொல்ல வேண்டும். நான் இல்லாத மூன்று நாளில் அவர் பழையபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாரோ என்ற பயம்தான் இத்தனை நாளும் என் வாயை அடைத்திருந்தது, இப்போதும் அது போகவில்லை. இது உன் கைக்கு வரும்போது நான் சொல்லியிருப்பேனா, இல்லை இன்னும் காது தைத்துக்கொண்டிருப்பேனா என்று எனக்கே தெரியாது.

பாப்பாவுக்குக் குளிரில் காது மூடும்படி குல்லாய் போடு, இந்தப் பார்சலில் இருப்பது தளர்வாகத்தான் இருக்கும், கட்டி விடு. பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடுங்கள். மாப்பிள்ளையை வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். கன்றின் வயிற்றைத் தைக்கக் கறுப்பு நூல் உள்ளேயே வைத்திருக்கிறேன், முனையை உள்ளே இழுத்து மறைத்துவிடு, அப்பா வீடியோவில் பார்ப்பார். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுசோடு, மனசு நிறைய வாழ வேண்டும் என்று உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறேன்.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. ஒருநாள் அப்பா உனக்குப் போன் போட்டு, உங்கம்மா தளிக்குப் போறாளாம், என்னைத் தனியா விட்டுட்டு என்று சொல்வார். குரல் தழுதழுக்கும். அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசும்போது எது வேண்டுமானாலும் சொல், திட்டு, கோபித்துக்கொள். பாவம்மா அப்பா என்று மட்டும் சொல்லாதே. அதை நீ சொன்னால் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்துவிடுவேன்.

உன் அம்மா
ராஜலட்சுமி