காரிமங்கலத்துச் சேமியா ஐஸ்

அடியே,

இன்று எங்கள் தெருவுக்கு ஐஸ் வண்டி வந்தது. இந்த வயதில் சேமியா ஐஸ் வாங்கிச் சப்புகிற என்னைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் உன்னை நினைத்தால் அழுகையை முந்திக்கொண்டு சிரிப்புதான் வருகிறது.

எண்பதுகளில் பெங்களூர் ஆய்வகத்தில் நாம் இருவரும் மைட்டோகாண்ட்ரியாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் அந்தப் பொடிசுகளை நான் பட்டத்துக்காகப் படித்தேன். நீ உன் தங்கை லூர்துவுக்காகப் படித்தாய். ராகிக் காட்டுக்குக் கொஞ்சம் எரு சுமந்தாலே அவள் வரப்பில் சாய்ந்துவிடுவாள். "சோம்பேறிய எங்க தலையில கட்டிட்டீங்களே" என்று புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். உன் அப்பாவும் அதையேதான் சொன்னார். கடைசியில் அவளே உன்னிடம் கேட்டாள்: "நெசமாவே நான் சோம்பேறிதானாக்கா?"

அதைச் சோதிக்கத்தான் தர்மபுரியில் ஒரு டாக்டர் அவள் தொடையிலிருந்து பட்டாணி அளவு தசை எடுத்துத் தந்தார். அதை ஐஸில் வைத்து அன்றைக்கே பெங்களூர் சேர்க்க வேண்டும். சூடாகவும் கூடாது, உறையவும் கூடாது. நம் பஸ்ஸோ காரிமங்கலத்தில் படுத்துவிட்டது. பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டே வந்தது. நல்லவேளை, அன்று சந்தை. மீன்காரம்மா ஒருத்தர் கேட்டதும் ஐஸ் அள்ளித் தந்தார். தசை இருந்த குழாயை அதில் வைக்கும்முன் நீ ஐஸை விரலால் தொட்டு நக்கினாய். முகம் மாறிவிட்டது.

"உப்புப் போட்டிருக்கீங்களா?"

"ஆமா கண்ணு, அப்பத்தான் நல்லா சில்லுனு நிக்கும்."

"அய்யோ, அது உறைய வெச்சிரும்ங்க. உறைஞ்சா உள்ள இருக்கறது வெடிச்சிரும்."

"வெடிக்கிற மீனா? அது எந்த ஊரு மீனு கண்ணு?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ அதற்குள் ஐஸ் வண்டிக்காரரிடம் ஓடி, உப்பில்லாத சேமியா ஐஸ் எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டித் தண்ணீரில் போட்டுவிட்டாய். ரோஸ் நிறத் தண்ணீருக்கு நடுவில் உன் தங்கையின் தசை வேறொரு பஸ்ஸில் பயணம் போனது. பெட்டியில் அடங்காத மிச்சத்தை வழியெல்லாம் நீ சப்பிக்கொண்டே வந்தாய்.

ஆய்வகத்தில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியின் பேனா கோடு போட்டது. நல்ல தசை இழுக்கும் ஆக்ஸிஜனில் பாதியைக்கூட அவளுடையது இழுக்கவில்லை. நீ என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாய். கெட்ட செய்திக்கு இப்படிக் குதித்தவர்களை அந்த ஆய்வகம் பார்த்திருக்காது.

ஊருக்குப் போய் உன் அப்பாவிடம் சொன்னாய். "இதுக்கு மருந்து இல்லீங்கப்பா. ஆனா நாம முழு பலத்துல செஞ்ச வேலைய இவ பாதி பலத்துல செஞ்சிருக்கா."

அவர் லூர்துவைப் பார்த்து, "வெயிலா இருக்குது. வூட்டுக்குள்ள போயிப் படுத்துக்கம்மா" என்றார்.

உங்கள் ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று இப்போதும் கேட்கிறார்கள். நான் கட்டுரை எதையும் எடுத்துக் காட்டுவதில்லை. நட்டநடுப் பகலில், கதவைக்கூடச் சாத்தாமல், பாய் விரித்துத் தூங்கிய லூர்துவைப் பற்றிச் சொல்கிறேன்.