படகுப் பலகைக்கு எதைப் பூசுவது

பெங்களூரு

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகம்தானே? ஜெகதாப்பட்டினத்தில் காற்று அடங்கியதா? நான் நன்றாக இருக்கிறேன்.

நம் படகுக்கு 'விடிவெள்ளி' என்ற பெயர்ப்பலகையை, நான் வேலை பார்க்கும் மரப்பட்டறையில் ஊசி போன்ற பிளேடு ஓடும் மெஷினில் நானே அறுத்துவிட்டேன். மேலே எதைப் பூசுவது என்பதில்தான் குழப்பம். எண்ணெய் பூசினால் தேக்கின் ரேகை அழகாகத் தெரியும். படகு வார்னிஷ் தண்ணீரைத் தாங்கும். இரண்டையும் துண்டுக் கட்டைகளில் பூசி, ஹாஸ்டல் வாளியில் உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டேன். அறைத்தோழி பிரகதீஸ்வரி திருமயத்துக்காரி. எட்டிப் பார்த்து, "என்னடி, கட்டைய ஊறுகா போடுறியா?" என்றாள். ஹாஸ்டலே சிரித்தது.

எண்ணெய்த் துண்டு கறுத்துப்போனது; வார்னிஷ் துண்டு அப்படியே இருந்தது. "வீட்டுச் சுவருல மாட்டுறதுன்னா எண்ணெயே போதும்" என்றார் பட்டறை மேஸ்திரி. எனக்கும் அதுதான் ஆசை அப்பா. ஆனால் நீங்கள் கடலை விடமாட்டீர்கள். அதனால் எழுத்துகளின் உள்வளைவு வரைக்கும் மூன்று தடவை வார்னிஷ் அடித்திருக்கிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். பலகையை வாங்கிப்போக பார்சல்காரர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கரை ஏறியதும், மீன் இறக்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள். எந்நேரமானாலும் எடுப்பேன்.

உங்கள் மகள்
ஷர்லி