நாலரை மணி நேரம்

தென்காசிக்கு வேலைக்குப் போகும் அவசரம். உறங்கும் கணவன் அஹ்சனை எழுப்ப முகமில்லாமல், காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள் சஃப்ரின்.

"மீன் ஆணம் அடுப்பு மேல இருக்கு, சோறு ஹாட்பாக்ஸ்ல. மத்தியானம் காஜா அண்ணன் வாராங்க, சேர்ந்து சாப்பிடுங்க. வெளிய போனா சாவியப் பக்கத்து வீட்டுல கொடுங்க.

உங்க வாப்பாவ அடக்கின பிறகு நீங்க வந்து நின்னப்போ, ரியாத்துல இருந்து திருவனந்தபுரம் நாலரை மணி நேரந்தான், மனசிருந்தா முகம் பார்த்திருக்கலாம்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். போன்ல அப்படித்தான் போட்டிருந்துச்சு. உங்க சைட்டுல இருந்து ஏர்போர்ட்டுக்கே ஒரு பகல் முழுக்க வரணும், நேர் பிளைட்ல சீட் கிடைக்காம மஸ்கட்டுல ராத்திரி பூரா தரையில கிடந்தீங்கன்னு உங்ககூட வந்த காஜா அண்ணன் நேத்துதான் சொன்னாங்க. நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

கடைசி வரியை அடித்தாள். வாயை விட்டது அவள். அவனிடம் என்ன கேள்வி?

"ஏழாம் நாள் பாத்திஹா ஓத அதே ஆளுக வருவாங்க. என் பேச்சு தப்புன்னு அவங்க முன்னாலயே சொல்லுதேன்."

தாளின் அடியில் இடம் நெருங்கிவிட்டது. எழுத்தைச் சிறிதாக்கினாள்.

"வந்ததுல இருந்து நீங்க வாப்பாவ அடக்கின கபுருக்குப் போகல. சாயந்திரம் போவோம். நான் மையவாடி வாசல்லயே நிக்கேன். நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருந்துட்டு வாங்க."