மூன்று கப்பல்களும் ஒரு கட்டிலும்

இயேசு மரி சூசை

மரியநாதபுரம், திண்டுக்கல்
அக்டோபர் 8

மதி அப்பாவுக்கு,

மேரி எழுதுவது. இங்கு நலம். அங்கே நீங்களும் நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். கடிதத்தின் தலையில் வழக்கம்போல இயேசு மரி சூசை போட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் பழக்கிவிட்டது. புஷ்பமேரியாகிய நானும் சூசைமாணிக்கமாகிய நீங்களும் ஒட்டி உட்கார்ந்திருப்பது இருபத்து மூன்று வருடக் கல்யாணத்தில் இந்த ஒரு வரியில்தான்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். போனில் நான் முக்கியமான பேச்சை எடுத்தாலே உங்கள் கப்பலில் சிக்னல் அறுந்துவிடுகிறது. காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது. பக்கத்து வீட்டு நர்கீஸ் அக்காவின் தம்பி பைசல் பதினைந்தாம் தேதி உங்கள் கப்பலிலேயே சமையல் வேலைக்கு ஏறுகிறான். அவன் பையில் எலுமிச்சை ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் நடுவில் இதைச் சொருகி அனுப்புகிறேன். பிரிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். முறுக்குக்குச் சத்தியம் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நேர்மையான பிள்ளை.

போன வாரம் வாய்ஸ் மெசேஜில் கேட்டிருந்தீர்கள். இருபத்தாறாம் தேதி இந்தக் காண்ட்ராக்ட் முடிகிறது, மூன்று பயணிகள் கப்பல் கம்பெனியும் கூப்பிடுகிறது, மூன்றிலும் வேலை பார்த்தாச்சு, எதில் ஏறட்டும், நீயே சொல்லு மேரி என்று. ஊருக்கு வரட்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. நம் மதி போய் ஒரு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. அப்போது ஓடிய காண்ட்ராக்ட் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் அடுத்ததில் ஏறினீர்கள். இப்போது அதற்கும் அடுத்தது.

சரி, கேட்ட கேள்விக்கு முதலில் பதில். கப்பலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கொடைக்கானல் ஏரியில் பெடல் படகில் ஏறி வாந்தி எடுத்தவள் நான். ஆனால் ஒரு ஜாக்கெட்டைப் பார்த்தால் எந்த டெய்லர் வெட்டியது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கணக்கில், ஒவ்வொரு கம்பெனியும் உங்களை எப்படித் தைத்து வீட்டுக்கு அனுப்பியது என்று பார்த்தவள் நான்தானே. இந்த விஷயத்தில் எனக்கு மேல் ஆள் கிடையாது.

முதலில் இத்தாலிக்காரன் கப்பல். அதன் சூழல் திருவிழா மாதிரி என்பீர்கள். விருந்து நடுவில் பரிமாறுகிறவர்களே கைத்துணியைச் சுழற்றிக்கொண்டு பாடுவார்கள், சாப்பாடு அரை மணி தாமதமானாலும் ஒருவரும் கோபப்பட மாட்டார்கள், பயணம் முடிகிற அன்று பயணிகளும் வேலைக்காரர்களும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்றெல்லாம். அதிலிருந்து வந்த ஆள் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என் அண்ணனை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பழனி பஸ்ஸில் ஏறப்போன கூட்டம் ஏறாமல் நின்று பார்த்தது. "ஏத்தா, உம் புருசனுக்குக் கப்பல்ல என்னத்தக் குடுக்குறாய்ங்க?" என்று அண்ணன் ஒரு வாரம் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே திரிந்தார். அந்த ஆள் சாம்பாரைப் பாட்டுப் பாடித்தான் ஊற்றுவார். ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற அன்று வாசலில் நின்று ஓவென்று அழுதார். தெருவே கூடிவிட்டது. எனக்கு மானம் போனது. அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்தது இங்கிலீஷ்காரன் கப்பல். சூழல் பெரிய வெள்ளிக்கிழமைக் கோயில் மாதிரி. நாலு மணிக்கு வெள்ளைக் கையுறையோடு தேநீர், மூலையில் வயலின், கோட்டு போடாமல் விருந்துக்கு வந்தால் வாசலோடு சரி. சர்வீஸ் நூல் பிடித்த மாதிரி. அதிலிருந்து வந்தவர் எனக்கு டீ கொடுத்தால்கூட இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு குனிந்தார். வத்தலக்குண்டில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, இடது பக்கமிருந்துதான் பரிமாற வேண்டும் என்று பரிமாறுகிற பையனுக்கு வகுப்பு எடுத்தார். "அண்ணே, எந்தப் பக்கம் வந்தாலும் எல நடுவுலதான் கெடக்கு. கையை எடுங்க, ரசம் சுடும்" என்று அவன் சொன்னான். மதி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறி, பாயசம் மூக்கில் வந்தது. நினைவிருக்கிறதா?

மூன்றாவது, இப்போது இருக்கிறீர்களே, சின்னக் கப்பல். பெரிய பணக்காரர்களுக்கானது. ஆளுக்கு ஒன்பது வகைத் தலையணையில் எது வேண்டும் என்று முன்பே எழுதி வாங்கிவிடுவார்கள், கிளாஸில் எத்தனை ஐஸ் என்பது வரை மனப்பாடம் வேண்டும், கேட்பதற்கு முன்னால் வந்து நிற்க வேண்டும், ஆனால் வேலை செய்வது கண்ணில் படக் கூடாது. பயணி எதிரே வந்தால் துணி அலமாரிக்குள் ஒதுங்கிவிடுவீர்களாம். அதிலிருந்து வந்தவர் வீட்டில் ஒரு மாதம் இருந்தார் என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. தாகம் எடுக்கும்போது என் தையல் மிஷின் பக்கத்தில் தண்ணீர் இருக்கும், வைத்த ஆள் இருக்க மாட்டார். "அம்மா, அப்பா வந்துட்டாரா, இல்ல இன்னும் வரலையா?" என்று மதியே கேட்டாள்.

அந்தக் கப்பலின் இன்னொரு பாடத்தையும் அந்த லீவில்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். பயணி திட்டினாலும் அழுதாலும் முகம் மாறாமல் முழுக்கக் கேட்க வேண்டும், கடைசியில் பணிவாக, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்க வேண்டும். அவளுக்கு அது போதாதா? நான் தொண்டை வறளத் திட்டி முடித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேற ஏதாச்சும் வேணுமாங்க மேடம்?" என்பாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை விரட்டியிருக்கிறேன்.

எந்தக் கம்பெனியிலிருந்து வந்தாலும் ஒன்றை மட்டும் நீங்கள் மாற்றவில்லை. சாயங்காலம் அவள் கட்டிலை நீங்களே விரித்து, போர்வை முனையை முக்கோணமாக மடித்து, தலையணையில் ஒரு சாக்லேட், பக்கத்தில் மறுநாள் வானிலை எழுதிய அட்டை. "நாளை திண்டுக்கல்: வெயில். நாளை மறுநாள்: வெயில்." கடைசி லீவில் எழுதியதை அவள் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். "நாளை: வெயில். மழை வந்தால் அப்பாவைத் திட்டவும்."

அவளை அடக்கம் செய்த அன்று மழை பெய்தது. உங்களைத் திட்ட ஆளில்லை.

எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். காந்திகிராமத்தில் இரண்டாம் வருடப் படிப்பு, செவ்வாய்க்கிழமை காய்ச்சலோடு வந்தாள், சனிக்கிழமை இல்லை. டாக்டர்கள் முடிந்த மட்டும் பார்த்தார்கள். உங்கள் கப்பல் நடுக்கடலில் இருந்தது, கரைக்கு ஆறு நாள். அதற்காக உங்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை, கடலுக்கு நடுவில் பஸ் ஸ்டாப் இருக்கிறதா என்ன? என் நெஞ்சில் தைத்தது வேறு. உங்களுக்கும் அதுதான் தைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நீங்கள் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "மதி போயிட்டா" என்று போனில் சொன்னேன். நீங்கள் மெதுவாக, "சரி மேரி. வேற ஏதாச்சும் வேணுமா?" என்றீர்கள்.

நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பேசினோம். அந்தப் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நான், ஊர் வம்பெல்லாம் அளவெடுக்கிற டேப் வழியாகக் கைமாறிப் போகிற மேரி டெய்லர், ஒரு வருடம் ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்திருந்தேன் என்றால் நர்கீஸ் அக்காவே நம்ப மாட்டார். பிள்ளை செத்த சேதிக்கு ஒரு மனுசன் சொல்லும் பதிலா இது என்று மிஷினை மிதித்துக்கொண்டே தினமும் உங்களோடு சண்டை போட்டேன். எல்லாச் சண்டையிலும் நானே ஜெயித்தேன். ஒன்றும் ருசிக்கவில்லை.

போன மாதம் சின்னாளபட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார், என் வயதுதான் இருக்கும். அளவெடுத்துக்கொண்டிருந்தேன். வெளிர் நிறத்தில் மூன்று ஜாக்கெட் வேண்டும் என்றார். ஏன் எல்லாம் வெளிர் நிறம் என்று கேட்டேன். "அவரு பதினாறு நாளைக்கி முன்னாடி தவறிட்டாரு" என்றார். மதி அப்பா, நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கை நீளம் எம்புட்டு வைக்க?" என்றேன். என் வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அந்த அம்மா கையைத் தூக்கிக் காட்டினார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் துக்கத்தில் இருந்த அந்த அம்மாவே எனக்குத் தண்ணீர் கொடுத்தார். எங்கள் கடை சர்வீஸ் இந்த லட்சணத்தில் இருக்கிறது, நான் கப்பலுக்கு மார்க் போட வந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பேசியது நீங்கள் இல்லை, உங்கள் வேலை. ஆளுக்குப் பேச்சு நின்றுபோனால் வேலை வந்து பேசுகிறது.

அடுத்த மாதம் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வருகிறது. போன வருடம் நானும், கடையில் என்னோடு தைக்கிற நாகஜோதியும் போய்ப் புல் பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்தோம். பூ மார்க்கெட்டில் சம்பங்கியும் கோழிக்கொண்டையும் வாங்கி, மெழுகுவர்த்தி ஏற்றினோம். பக்கத்துக் கல்லறைகளில் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். சூசை வரலையா என்று ஆளுக்கொரு தரம் கேட்டார்கள், நகர்ந்து போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். ஊரில் எத்தனை பேர் கதையை நான் வெட்டித் தைத்திருப்பேன். என் கதையை அவர்கள் தைக்கட்டும், நியாயம்தான். ஆனால் சிலுவையில் எழுத்து மங்கியிருக்கிறது. உங்கள் கையெழுத்து அழகு. நான் எழுதினால் ஜாக்கெட் ரசீது மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இதுவரை சொல்லவில்லை. அவள் கட்டில் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது உதறிவிட்டு எழுந்தாளே, அந்தப் பழைய சுங்குடிச் சேலைப் போர்வை பாதி தரையில் தொங்கியபடி. தலையணையில் தலை வைத்த பள்ளம்கூட இருக்கிறது, அல்லது இருப்பதாக நான் நினைத்துக்கொள்கிறேன். நாகஜோதி ஒருநாள் நல்ல மனதோடு, "அக்கா, உதறி மடிச்சுப் போடட்டா?" என்றாள். "தொட்டேன்னா கையை ஒடிச்சிருவேன்" என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அப்புறம் பரோட்டா வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

எனக்கும் அதைத் தொடக் கை வரவில்லை. கட்டில் உங்கள் டிபார்ட்மெண்ட். இத்தனை வருடம் உலகத்தில் உள்ள முன்பின் தெரியாதவர்கள் படுத்து எழுந்த படுக்கையை எல்லாம் சுருக்கமில்லாமல் விரித்த கை உங்களுடையது. இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

ஆகவே, எந்தக் கம்பெனி என்று கேட்டதற்கு என் பதில் இது. சர்வீஸில் சின்னக் கப்பலை அடிக்க ஆளில்லை. மரியாதையில் இங்கிலீஷ்காரன். ஆனால் எனக்கு வேண்டியது இத்தாலிக்காரன் அனுப்பிய அந்த ஆள். கண்ணில் படுகிற ஆள். வாசலில் நின்று தெருவே கூடும்படி அழுதாரே, அவர். இந்தத் தரம் எனக்கு மானம் போகாது. நானும் இன்னும் சரியாக அழவில்லை, தனியாக அழுதால் பாதியில் சிரிப்பு வந்துவிடுகிறது, என் புத்தி அப்படி.

எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இருபத்தாறாம் தேதி இறங்கி வாருங்கள். மதுரை ஏர்போர்ட்டுக்கு அண்ணனை அனுப்புகிறேன், கன்னத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

வழியில் காற்றும் தண்ணீரும் உங்களுக்கு அடங்கி இருக்கட்டும், மாதா கூடவே வரட்டும். அன்றைக்குக் கேட்டீர்களே, வேறு ஏதாவது வேண்டுமா என்று. பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

வேண்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
மதி அம்மா