தோளில் வைத்த கை

லகாட்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் ஷார்மேனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நீ அந்த அயர்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் மருத்துவமனை வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் இந்தச் சின்ன வீட்டில் அப்பா காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன், உன் தம்பி ரோய்ஸ்டன் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவான்.

பள்ளி விடுமுறை என்பதால் போன செவ்வாய்க்கிழமை நம் தேவாலயத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் அப்பாவின் ஸ்கூல் வேனிலேயே கோப்பெங் பக்கம் இருக்கும் அந்தப் பெரிய குகைக்குப் போனோம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவு உயரம். கொஞ்ச தூரம்வரை படிக்கட்டும் விளக்கும் இருந்தன, அதற்கப்புறம் ஆளுக்கொரு டார்ச் லைட்டோடு நடக்க வேண்டும், கீழே எங்கேயோ ஆறு ஓடுகிற சத்தம். வாசலிலேயே அப்பா என் தோளில் கை வைத்தார், எடுக்கவே இல்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் கல்யாணப் போட்டோவில்கூட மனுஷன் என்னைத் தொட்டு நின்றதில்லை. பின்னால் வந்த பக்கத்து வீட்டுப் புனிதா, என்னக்கா, அண்ணனுக்கு இப்பத்தான் ஹனிமூனா லா என்று கேலி செய்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

ஓரிடத்தில் வழிகாட்டி எல்லோரையும் நிற்கவைத்து, டார்ச்சை அணையுங்கள், பூமிக்குள்ளே இருட்டு எப்படி இருக்கும் என்று பாருங்கள் என்றார். அணைத்தோம். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். ஒரு நிமிஷம் போனதும் ஒவ்வொருவராக டார்ச்சைப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பினார்கள். அப்பா நகரவில்லை. என் காதருகே குனிந்து, இன்னும் எவ்வளவு நேரம் லா, எப்பத்தான் லைட்டப் போடுவாங்க என்று கேட்டார். சுற்றிலும் அத்தனை டார்ச்சும் எரிகிறது ஷார்மேன். அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிகிறது, கண் திறந்திருக்கிறது, சிரித்துக்கொண்டு கேட்கிறார். அவர் கையிலிருந்த டார்ச்சை நானே போட்டுவிட்டேன். அவர் விரல் என் தோளை அழுத்தியது. அந்தக் கை ஏன் அங்கே இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பும்போதும் அவர்தான் ஓட்டினார். பின்னால் எல்லோரும் பாடிக்கொண்டு வந்தார்கள், நான் வழி முழுக்க ஜெபமாலை சொன்னேன். அந்த நேரம் வாயைத் திறக்காமல் இருந்தது என் தப்புதான்.

மறுநாள் சமையல்கட்டில் வைத்துக் கேட்டேன். ஒரு கண் முழுக்கப் போய்விட்டதாம். மற்றதில் நல்ல வெயிலில் நேராக இருப்பது மட்டும் தெரியுமாம், பக்கத்தில் இருப்பது தெரியாதாம். எல்லாம் ரத்தத்தில் சர்க்கரை ஏறி வந்த இனிப்பு நீர் வியாதி செய்த வேலை. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது முன்னால் நின்றவர் வாசித்த எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்பித்தாராம். விடியற்காலை இருட்டில் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டால், ரப்பர் தோட்டத்துல இருட்டுல மரத்த எண்ணித்தான பால் வெட்டப் போனோம், இப்ப விளக்குக் கம்பத்த எண்ணுறேன் என்கிறார். மரம் நின்ற இடத்தில் நிற்கும், பிள்ளைகள் நிற்குமா? புனிதாவின் கடைக்குட்டி முன் சீட்டில்தான் உட்காருவாள். போன மாதம் வேனின் பக்கக் கண்ணாடி உடைந்ததற்கு எவனோ மோட்டார் சைக்கிள்காரன் மேல் பழி போட்டார், நானும் நம்பி அவனைத் திட்டினேன்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. நான் அழுதும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். கண்ணில்லாதவன் என்று ஊர் சொல்லுமே என்பதுதான் அவர் பயம். ரோய்ஸ்டன் சொன்னால் அடிதடியில் முடியும். நீ சொன்னால்தான் கேட்பார். நாளைக்குள் கூப்பிடு. அப்போதும் அவர் ஓட்டுவதை விடமாட்டேன் என்றால் நானே பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவேன், அதற்குப் பிறகு அவர் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் பரவாயில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே, மாதா உன்னைக் காப்பாற்றுவாள். இன்னொன்று, அப்பா கேட்டால் அம்மா வேன் சாவியை ஒளிக்கவில்லை என்று சொல். வழக்கமான ஆணியிலிருந்து எடுத்துப் பக்கத்து ஆணியில் மாட்டினேன், ஒரு சாண் தூரம்கூட இல்லை. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா,
அகதா கஸ்பார்