கைப்பிடி இல்லாத பை

மார்ச் 3, செவ்வாய்

ஐந்தாவது வாரம். பை என்றால் என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை.

கடைகளில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகளைக் குறைக்க ஒரு சட்டம் வருகிறது. வரைவு எழுதும் பொறுப்பு என் தலையில். பிரிவு ஒன்று, சட்டத்தின் பெயர். அதில் யாருக்கும் சண்டையில்லை. பிரிவு இரண்டு, விளக்கங்கள். அதில் முதல் சொல்லே "பை". வண்டி அங்கேயே படுத்துவிட்டது.

மீன்காரர் சுற்றித் தருவது பையா? மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தருவது? மழை நாளில் நனைந்த குடையை நுழைக்கக் கடைவாசலில் நீளமாக ஒன்று தருவார்களே, அது? வணிகர் சங்கத்துக்காரர் கோழியைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் பேசினார். "சமைச்ச கோழியா, சமைக்காததா?" என்று எங்கள் செயலாளர் கேட்டுவைத்தார். இன்னொரு இருபது நிமிடம்.

பதினாறு வருஷமாக வரைவு எழுதுகிறேன். சுரங்கத்துக்கு எழுதியிருக்கிறேன், துறைமுகத்துக்கு எழுதியிருக்கிறேன். ஒரு கவர் என்னை இப்படிப் பாடாய்ப் படுத்துகிறது.

மார்ச் 5, வியாழன்

இன்றும் கோழிதான்.

மார்ச் 9, திங்கள்

கிடைத்துவிட்டது!

நேற்று ஒரு பெரிய கடையின் வாசலில் அரை மணி நேரம் நின்றேன். காவலாளி இரண்டு முறை வந்து, "என்னம்மா வேணும்?" என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டுப் போனார். வெளியே வருகிறவர்களின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன், மாத்திரை, கோழி எல்லாம் உள்ளே இருக்கிறது. கையில் தொங்குவது ஒன்றுதான். தொங்க வேண்டுமானால் கைப்பிடி வேண்டும். அவ்வளவுதானே?

இன்று குழுவில் படித்தேன்: "பை என்பது வாங்கிய பொருளை எடுத்துச்செல்வதற்காகக் கடையில் தரப்படும் கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் கொள்கலம்." கோழி ஒருவழியாகச் செத்தது. வணிகர் சங்கத்துக்காரர்தான் முதல் ஆளாகத் தலையாட்டினார். இவ்வளவு நல்லவரா இவர்? செயலாளர் "தரப்படும்" என்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி சேர்த்தார். யார் எதைக் கொண்டுபோனாலும் ஒரு காற்புள்ளி வைக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். துறையில் அவருக்குப் பெயரே காற்புள்ளி.

அந்தச் சூட்டோடு ஒன்பதாம் பிரிவையும் நுழைத்துவிட்டேன். கடையில் புழங்கும் பிளாஸ்டிக் எதுவானாலும் அதைத் தயாரித்தவரின் பதிவு எண் அதில் அச்சாகியிருக்க வேண்டும். யாரும் மூச்சுவிடவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

வியாழக்கிழமை மசோதா நிறைவேறியது. ஜூன் முதல் தேதி அமல். இன்று அக்கா வீட்டில் சாப்பாடு. போவதா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசனை. அத்தானுடைய பட்டறையில் போடுவதே கவர்தான். சின்னப் பட்டறை, பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். கோப்பில் இதை நான் எங்கும் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சரியா? இல்லைதான். தெரிகிறது.

அத்தான் கோபிக்கவேயில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "மச்சினி கையாலேயே என் பட்டறைக்குப் பூட்டா?" என்று சிரித்தார். என்னைச் சட்டப் படிப்பின் ஒவ்வொரு தேர்வுக்கும் வண்டியில் கொண்டுபோய் இறக்கி, முடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்த மனுஷர். அச்சாகி வந்த சட்டத்தை வாங்கி வைத்திருந்தார். பிரிவு பிரிவாகப் படித்துச் சந்தேகம் கேட்டார்.

"ஏம்மா, அப்போ கைப்பிடி இல்லன்னா அது பை இல்லையா?"

"சட்டப்படி அது வெறும் உறை, அத்தான்."

என் வரைவை ஒருவர் இவ்வளவு கவனமாகப் படித்ததே இல்லை. பெருமையாக இருந்தது.

ஜூன் 1, திங்கள்

இன்று அமல். அலுவலகம் விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன், கையில் துணிப்பையோடு, பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

கல்லாவில் இருந்த பெண் கேட்டாள்: "கவர் வேணுமாக்கா?"

"கவர்தான் இன்னையிலேருந்து கூடாதே?"

"இது கவர் இல்லக்கா. படிச்சுப் பாருங்க."

படித்தேன். பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தது: "இது பை அல்ல. சட்டப்படி இது உறை."

கைப்பிடி இல்லை. பதிலுக்கு வாய்ப்பகுதி ஒரு முழம் நீளம். எல்லோரும் அதை முறுக்கி, ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சுக்குள் விரலை நுழைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முன்பைவிடப் பெரிய கவர், முன்பைவிட அதிக பிளாஸ்டிக். ஒரு வயதானவர் என் துணிப்பையைப் பார்த்து, "பாவம், உங்களுக்கு விஷயம் தெரியாதா?" என்று ஒரு உறையை நீட்டினார்.

ரெண்டு மாசம்! ரெண்டு மாசம் உட்கார்ந்து எழுதினேன்!

ஜூன் 2, செவ்வாய்

உறையின் அடியில் பதிவு எண் இருந்தது. ஒன்பதாம் பிரிவை ஒழுங்காக மதித்திருக்கிறார்கள். பதிவேட்டில் தேடினேன்.

அத்தான்.

தொலைபேசியை எடுத்தது அக்கா. நான் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"உன் சட்டத்துல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் அவர் செஞ்சார். மீறினாரா?"

"மீறல. ஆனா நான் சொன்னதை வச்சு..."

"நீயேதான் சொன்ன. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கிட்டே சொன்ன. இப்போ அவர் திருடரா?"

இல்லை. திருடர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஓட்டை நான் போட்டது. அவர் அதில் நூல் கோத்தார்.

ஜூன் 4, வியாழன்

செய்தித்தாளில் கேலிச்சித்திரம். ஒரு யானை, பக்கத்தில் ஒரு அதிகாரி: "தும்பிக்கை இல்லாவிட்டால் இது யானை அல்ல." காற்புள்ளி அதை வெட்டி என் மேஜைமேல் வைத்திருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஏன்?

மதியம் அவரே ஒரு வழி சொன்னார்: "ஒரு சுற்றறிக்கை விட்டுருவோம். கையால பிடிக்கக்கூடிய எதுவும் கைப்பிடின்னு."

"சார், அப்போ மீன் கவரும் பைதான். கோழியும்கூட பைதான். காலைப் பிடிச்சுத் தூக்கலாமே!"

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்கதான் ஓட்டை போட்டீங்க. நீங்களே அடைச்சுக் கொடுங்க" என்றார்.

ஜூன் 10, புதன்

திருத்தம் எழுதி முடித்தேன். "கைப்பிடியுள்ள" என்ற சொல்லை எடுத்தாயிற்று. விதிவிலக்குகள் தனியாக ஒரு அட்டவணையில்: மீன், இறைச்சி, மருந்து, குடை. முதல் வாரமே இப்படிச் செய்திருக்கலாம். அன்றைக்குப் புத்திசாலித்தனம் காட்ட வேண்டியிருந்தது எனக்கு.

கூடவே ஒரு தாள். அந்த உறையைத் தயாரிப்பவர் என் அக்காவின் கணவர், அவரிடம் அந்த விளக்கத்தைச் சொன்னவள் நான், சட்டம் அப்போது அச்சாகி வெளியாகியிருந்தது, என்றாலும் இந்த உறவைத் தொடக்கத்திலேயே தெரிவித்திருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். முதல்முறையாக ஒரு காற்புள்ளியும் வைக்கவில்லை.

"இதை யாரும் கேட்கலையேம்மா. எடுத்துட்டுப் போயிடுங்க. திருத்தம் மட்டும் போதும்."

"வேணும் சார்."

"உங்க பேர் கெடும்."

"தெரியும் சார்."

தெரியும் என்று சொல்லிவிட்டேன். தாளை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 12, வெள்ளி

கோப்பை என்னிடமிருந்து எடுத்து இளைய வரைவாளரிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இனி மின்தூக்கிப் பராமரிப்பு விதிகள். திருத்தம் தாக்கலாகும்வரை யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 17, புதன்

அத்தானே கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"உறைக்கு ஏகப்பட்ட ஆர்டர்ம்மா. பழைய மெஷின் ரெண்டையும் குடுத்துட்டுப் புதுசா ஒண்ணு எடுக்கிறேன். உறைக்குன்னே செஞ்சது. அடுத்த வாரம் வருது. நீதான் வந்து சுவிட்ச் போடணும்."

மூன்று வாரத்தில் திருத்தம் தாக்கலாகும், அது அமலானதும் அந்த மெஷினுக்கு வேலையே இருக்காது. எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை. "பொறுங்க அத்தான்." அவ்வளவு போதும், அவர் புரிந்துகொள்வார். வாய்வரை வந்துவிட்டது.

"அலுவலகத்துல வேலை இருக்கு அத்தான்" என்றேன்.

"ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போம்மா."

"பார்க்கிறேன்."

இவர், என் வீட்டுக்காரர், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "சொல்லித் தொலைச்சிருக்கலாமே. உன் அக்கா புருஷன்தானே?" என்றார். ஒருமுறை சொன்னதால்தான் இவ்வளவும் என்றேன். "அன்னைக்குத் தெரியாம சொன்ன. இன்னைக்குத் தெரிஞ்சே சொல்லாம இருக்க. எது பெரிய தப்பு?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார். இந்த மனுஷருக்கு எதையாவது கொளுத்திப்போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவதே வழக்கம்.

எது பெரிய தப்பு?

ஜூன் 25, வியாழன்

போகவில்லை. சுவிட்சை அக்கா போட்டாளாம்.

ஜூலை 9, வியாழன்

திருத்தம் தாக்கலாயிற்று. நான் எழுதியது அப்படியே, கூடுதலாக ஒரு காற்புள்ளி.

ஜூலை 10, வெள்ளி

அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். பதினாறு வருஷத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை. வரவேற்பறையில், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குத் தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லு."

"தெரியும்."

"அவர் போன் பண்ணினப்போ?"

"தெரியும்க்கா. சொல்லக் கூடாதுன்னு..."

"அந்த மெஷினை அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். உன்னைச் சுவிட்ச் போடக் கூப்பிட்டார். நீ தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்த." குரல் உயரவில்லை. "சட்டம் போட்டதுக்கு நான் கோவிக்கல. எனக்கும் சாக்கடை அடைச்சுக்கிட்டுக் கெடக்குறது தெரியுது. இதுக்குத்தான்."

எழுந்து போய்விட்டாள். அவளிடம் என்ன சொல்வது? சொல்லியிருந்தால் தப்பு, சொல்லாததும் தப்பு. எனக்கென்று ஒரு சரி எங்கேயாவது இருக்கிறதா? இல்ல, நான் தெரியாமத்தான் கேட்கிறேன்!

ஆகஸ்ட் 2, ஞாயிறு

அக்கா போனை எடுக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு.

செப்டம்பர் 1, செவ்வாய்

திருத்தம் அமல். கடைக்குப் போகவில்லை. போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? மின்தூக்கி விதிகளில் "கதவு" என்றால் என்ன என்று குழுவில் கேட்டார்கள். விதிவிலக்குகளுக்கு முதலில் ஒரு அட்டவணை போட்டுவிடலாம் என்றேன். பத்தே நிமிடத்தில் முடிந்தது.

செப்டம்பர் 19, சனி

இவர் பட்டறைப் பக்கம் போய்விட்டு வந்தார். என்னிடம் சொல்லாமல்தான் போயிருக்கிறார். புது மெஷினில் ஏதோ மாற்றி, வயலில் களை முளைக்காமல் விரிக்கும் கனத்த பிளாஸ்டிக் தாள் போடுகிறாராம் அத்தான். மெஷின் அடிக்கடி நின்றுவிடுகிறதாம். பதினொரு பேரில் ஆறு பேர்தான் இருக்கிறார்கள். மற்ற ஐந்து பேரில் இரண்டு பேருக்கு அத்தானே அலைந்து வேறு இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறார். மூன்று பேருக்கு இன்னும் இல்லை.

"என்னைப் பத்திக் கேட்டாரா?"

"மின்தூக்கிக்கு மாத்திட்டாங்களாமே, பாவம்னு சொன்னார்."

கோபித்திருக்கலாம். அவர் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அக்டோபர் 18, ஞாயிறு

இன்று கடையில் அவமானம். பையை மறந்துவிட்டுப் போய்விட்டேன். நான்! சாமான் எல்லாம் எடுத்துக் கல்லாவுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது.

"ஒரு கவர் கிடைக்குமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"சட்டம் போட்டவங்களே வந்து நின்னாலும் கிடையாதுக்கா" என்றாள் கல்லாப் பெண். எனக்கு முன்னால் ஒருவர் சட்டையைத் தூக்கிப் பிடித்து அதில் உருளைக்கிழங்கைக் கட்டிக்கொண்டு போனார், வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டே. என்னைத்தான். வாசலைப் பார்த்தேன். போகிறவர்கள் தோளில், கையில், எல்லாம் அழுக்கும் கிழிசலுமாக வீட்டுப் பைகள். நம்ப முடியவில்லை. சந்தோஷப்படக்கூடக் கை காலியாக இல்லை. அரிசியை ஒரு கக்கத்தில், சோப்பை இன்னொரு கக்கத்தில், முட்டை அட்டையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன். வெங்காயம் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டது.

பின்னாலிருந்து யாரோ குனிந்து வெங்காயத்தைப் பொறுக்கினார்கள். நிமிர்ந்தால் அக்கா.

மூன்று மாதம், எட்டு நாள். இளைத்திருந்தாள். தன் பைக்குள்ளிருந்து மடித்து வைத்திருந்த இன்னொரு பையை எடுத்து உதறினாள். என் கையிலிருந்த அரிசியைப் பிடுங்கி அடியில் வைத்தாள், சோப்பை ஓரமாகச் செருகினாள். நான் முட்டையை உள்ளே விடப் போனேன்.

"முட்டையை மேல வை. இத்தனை வயசாச்சு" என்றாள்.

வைத்தேன். வரிசையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா..."

"பேசாத. இங்க வேண்டாம்." கல்லாவுக்கு நகர்ந்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "பையைத் துவைச்சுக் கொண்டு வந்து குடு. நாளைக்குச் சாயங்காலம் அவரும் வீட்லதான் இருப்பார்."

வந்ததும் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டேன். கெட்டித் துணி. வெயிலும் சரியாக இல்லை. நாளை சாயங்காலத்துக்குள் காயுமா என்று தெரியவில்லை. காயாவிட்டால் ஈரத்தோடாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.